வட்டார மருத்துவமனையில் மருத்துவ ஆய்வு: கேள்வி எழுவது முதல் முடிவு நடைமுறைக்கு வருவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ ஆய்வு என்றதும் பெருநகரப் பல்கலைக்கழக மருத்துவமனைகளும் முழுநேர ஆய்வாளர்களுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றனர். நோயாளிகளில் பலர் முதலில் வந்து நிற்பதோ வட்டார மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும்தான். பெரிய மையத்தைச் சென்றடையும் நோயாளி, பரிந்துரைக் கடிதம், பயணம், செலவு எனப் பல தடைகளைத் தாண்டியவர்; அந்தத் தடைகளில் நின்றுவிட்டவர்களைப் பற்றி அந்த மையத்தின் ஆய்வால் எதுவும் சொல்ல முடியாது. அவர்களைப் பற்றிய உண்மையைக் கண்டறியும் வாய்ப்பு வட்டார மருத்துவமனைக்கு மட்டுமே இருக்கிறது.

இதற்கு மருத்துவ வரலாற்றில் நல்ல சான்று உண்டு. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயைப் பற்றி 1958இல் எழுதினார். பிறகு ஆப்பிரிக்காவின் பல மருத்துவமனைகளுக்கு வினாத்தாள் அனுப்பியும், 1961இல் காரில் நெடும்பயணம் சென்று சிறு மருத்துவமனைகளின் மருத்துவர்களை நேரில் கேட்டும், அந்நோய் எந்தெந்தப் பகுதிகளில் காணப்படுகிறது என்பதை வரைபடத்தில் குறித்தார். அவர் அனுப்பிய கட்டி மாதிரிகளிலிருந்துதான் 1964இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வின் மூலப்பொருள், ஊர்ப்புற மருத்துவர்கள் தாங்கள் பார்த்ததை ஒழுங்காகச் சொன்னதுதான்.

அன்றாடப் பணிச்சுமைக்கு நடுவே ஆய்வொன்றை முறையாக நடத்த விரும்பும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக அலுவலர் ஆகியோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. பக்கவாத நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரத்தைப் பற்றிய ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்குதல்

ஆய்வுக்கான கேள்வி வார்டிலிருந்து வர வேண்டும். மூளை இரத்தக் குழாயில் உறைவுக்கட்டி அடைப்பதால் வரும் பக்கவாதத்திற்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் போன்ற மருந்தை வழக்கமாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். மருந்து கையிருப்பில் இருந்தும், சி.டி. ஸ்கேன் வசதி இருந்தும், பெரும்பாலானோர் நேரம் கடந்தே வருகிறார்கள் என்று பணி மருத்துவர் ஒருவருக்குத் தோன்றுகிறது. "பக்கவாத நோயாளிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள்?" என்பது அவருடைய முதல் கேள்வி. இது நல்ல ஆதங்கம். ஆனால் இந்த வடிவில் இதற்கு விடை காண முடியாது.

கேள்வியை அளவிடக்கூடியதாக மாற்ற நான்கு செய்திகள் தெளிவாக வேண்டும்: யாரைப் பற்றி, எதை எதனுடன் ஒப்பிட்டு, எந்த விளைவை, எந்தக் காலத்திற்குள். அதன்படி நம் கேள்வி இவ்வாறு மாறும்: "ஓராண்டுக் காலத்தில் இம்மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முதல்முறைப் பக்கவாதத்துடன் வந்த 18 வயதுக்கு மேற்பட்டோரில், அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்திற்குள் வந்தவர்கள் எத்தனை விழுக்காட்டினர்? வேறொரு மருத்துவமனைக்கு முதலில் சென்றுவிட்டு வந்தவர்களுக்கும் நேரடியாக வந்தவர்களுக்கும் இதில் வேறுபாடு உண்டா?" இதில் முதல் பகுதி முதன்மைக் கேள்வி, மற்றது துணைக்கேள்வி. முதன்மைக் கேள்வி ஒன்றே ஒன்றாக இருப்பது நல்லது. ஒரே ஆய்வில் எட்டுக் கேள்விகளுக்கு விடை தேடுவது, எட்டுக்கும் அரைகுறை விடையோடு முடியும்.

விடை எதுவாக இருந்தாலும் அதனால் மருத்துவமனையில் எது மாறும் என்பதையும் இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் முதலில் வேறிடத்திற்குச் சென்று நேரத்தை இழக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தச் சிறு மருத்துவமனைகளுடன் பேசி நேரடிப் பரிந்துரைக்கு ஏற்பாடு செய்யலாம். ஆகவே இக்கேள்வி உழைப்புக்குத் தகுதியானது. எந்த விடை வந்தாலும் எதுவும் மாறாது என்றால், நோயாளிகளின் நேரத்தை அதற்காக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பதே என் கருத்து.

இரண்டாம் படி: ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுதல்

பப்மெட் தளத்தில் ஆய்வுச் சுருக்கங்களை யாரும் இலவசமாகத் தேடலாம். காக்ரேன் நூலகத்தில் ஒரு தலைப்பிலுள்ள ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்ட மீளாய்வுகள் கிடைக்கும். தேடலின் நோக்கம் மூன்று: இதே கேள்விக்கு ஏற்கெனவே உறுதியான விடை இருக்கிறதா என்று பார்ப்பது, பிறர் எந்த வரையறைகளைப் பயன்படுத்தினார்கள் என்று அறிவது, மாதிரி அளவைக் கணக்கிடத் தேவையான ஊக எண்ணை எடுப்பது. பயன்படுத்திய தேடுசொற்களையும் தேடிய நாளையும் குறித்து வைத்தால், ஓராண்டு கழித்துக் கட்டுரை எழுதும்போது பெரிதும் உதவும்.

மூன்றாம் படி: ஆய்வின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

கேள்விதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு நிலை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அறிய, ஒரு காலப்புள்ளியில் எல்லோரையும் பார்க்கும் குறுக்குவெட்டு ஆய்வு போதும். அரிதான நோயின் காரணத்தைத் தேடும்போது, நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு அவர்களது கடந்தகாலத்தை ஒப்பிடும் ஆய்வு பொருந்தும். ஒரு காரணியைக் கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் என்ன நேர்கிறது என்பதைத் தொடர்ந்து கண்காணித்து அறிவது மற்றொரு வகை. ஒரு சிகிச்சை மற்றொன்றைவிட மேலானதா என்பதற்கு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கும் சோதனையே உறுதியான விடை தரும். ஏனென்றால், நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு தெரியாத வேறுபாடுகளையும் குலுக்கல் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடுகிறது.

குலுக்கல் முறைச் சோதனை வட்டார மருத்துவமனைக்கு எட்டாதது என்ற எண்ணம் சரியல்ல. கோவிட் பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ரெக்கவரி சோதனையில் 170க்கும் மேற்பட்ட மருத்துவ அமைப்புகள் பங்கேற்றன. அவற்றில் பல சாதாரண மாவட்ட மருத்துவமனைகள். படிவங்கள் மிக எளிமையாக இருந்ததால், பணிநெருக்கடியின் உச்சத்திலும் வார்டு ஊழியர்களால் நோயாளிகளைச் சேர்க்க முடிந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைக்கிறது என்பது 2020 ஜூனிலேயே தெரிந்துவிட்டது. தனியாகச் சிறு சோதனை நடத்துவதைவிட, இப்படிப்பட்ட பெரிய சோதனையில் ஒரு மையமாகச் சேர்வது பல வேளைகளில் கூடுதல் பயன் தரும்.

நம் எடுத்துக்காட்டுக்கு, வரும் நோயாளிகளை வர வரப் பதிவு செய்யும் கவனிப்பு ஆய்வே ஏற்றது. பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தால் வேகமாக முடியுமே என்று தோன்றும். ஆனால் அவற்றில் அறிகுறி தொடங்கிய நேரம் "காலையிலிருந்து" என்றோ "நேற்று முதல்" என்றோ மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து 4.5 மணி நேரத்தைக் கணக்கிட வழியே இல்லை. பழைய பதிவேட்டை நம்பி ஆய்வைத் திட்டமிடும் முன், இருபது முப்பது கேஸ் ஷீட்டுகளை எடுத்து, தேவையான செய்தி உண்மையிலேயே அவற்றில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வட்டார மருத்துவமனைக்கே உரிய ஒரு சார்பையும் இங்கே கவனிக்க வேண்டும். இலேசான பாதிப்புள்ளோர் வீட்டிலேயே தங்கிவிடலாம். மிகக் கடுமையான பாதிப்புள்ளோர் வாசலிலிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம். சிலர் உள்நோயாளியாகப் பதிவாகும் முன்னரே இறந்துவிடலாம். உள்நோயாளிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் நடுவில் இருப்பவர்கள் மட்டுமே தெரிவார்கள். மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் வைத்து நோய்களுக்கிடையே தொடர்பு தேடினால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோல் தோன்றலாம் என்று ஜோசப் பெர்க்சன் 1946இலேயே விளக்கியிருக்கிறார். அதனால் நம் ஆய்வு அவசர சிகிச்சைப் பிரிவின் நுழைவுப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காம் படி: எத்தனை பேர் தேவை என்று கணக்கிடுதல்

நூறு பேர் போதும் என்பது போன்ற வட்டமான எண்களை வழக்கத்தின்படி எழுதிவிடக் கூடாது. ஒரு விழுக்காட்டை மதிப்பிடுவதற்கான கணக்கு எளிமையானது. முந்தைய ஆய்வுகளின்படி 20 விழுக்காட்டினர் நேரத்திற்குள் வரக்கூடும் என்று ஊகிக்கிறோம். நம் மதிப்பீடு இரு பக்கமும் 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் விலகக் கூடாது என்று விரும்புகிறோம். 95 விழுக்காடு நம்பகத்திற்குரிய எண்ணான 1.96இன் வர்க்கத்தை 0.20ஆலும் 0.80ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 246 கிடைக்கும். பத்திலொருவரின் தகவல் முழுமையடையாமல் போகலாம் என்று வைத்துக்கொண்டால் 274 பேர் தேவை. மாதம் 20 பக்கவாத நோயாளிகள் வரும் மருத்துவமனையில் இதற்கு ஏறத்தாழ 14 மாதங்கள் ஆகும். கேள்வியில் ஓராண்டு என்று எழுதியிருந்தால், காலத்தை நீட்ட வேண்டும் அல்லது அண்டை மருத்துவமனை ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இரு குழுக்களை ஒப்பிடும்போது தேவை விரைவாகக் கூடும். ஒரு சிகிச்சை இறப்பை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கிறது என்பதை 80 விழுக்காடு ஆற்றலுடன், அதாவது வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் அது ஆய்வில் தென்பட 80 விழுக்காடு வாய்ப்பு இருக்கும்படி, கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 200 பேர் வேண்டும். 20இலிருந்து 15ஆகக் குறைவதைக் கண்டறிய குழுவுக்கு ஏறக்குறைய 900 பேர் வேண்டும். மருத்துவத்தில் உண்மையான முன்னேற்றங்கள் பெரும்பாலும் சிறிய அளவிலானவை. அதனால்தான் ஒரே மருத்துவமனையில் அறுபது பேரை வைத்து நடத்தும் சிகிச்சைச் சோதனைகள் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்லாமல் முடிந்துவிடுகின்றன. பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை என்று எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. 100 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றாலும், உண்மையான அளவு 3 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

ஓப்பன்எபி, எபி இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்களில் இக்கணக்குகளைப் போடலாம். ஆனாலும் ஒரு புள்ளியியலாளரை இந்தக் கட்டத்திலேயே சந்தித்துவிட வேண்டும். தரவு முழுவதையும் சேகரித்த பிறகு அவரிடம் போனால், குறை எது என்று அவர் சொல்வார். அதைச் சரிசெய்ய அப்போது வழியிருக்காது.

ஐந்தாம் படி: திட்ட வரைவும் குழுவும்

கேள்வி, பின்னணி, வடிவம், யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, எதை எப்படி அளப்பது, மாதிரி அளவு, பகுப்பாய்வுத் திட்டம், நெறிமுறை ஏற்பாடுகள், காலஅட்டவணை, செலவு ஆகியவற்றை ஒரே ஆவணமாக எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் போதும். பகுப்பாய்வுத் திட்டத்தைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிவைப்பது, பிற்பாடு நமக்குப் பிடித்த முடிவு வரும்வரை கணக்கை மாற்றிக்கொண்டே போகும் ஆசையிலிருந்து நம்மைக் காக்கும்.

குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் ஆய்வு நடக்காது. இரவு இரண்டு மணிக்கு நோயாளி வரும்போது படிவத்தை எடுக்கப்போவது பணியிலிருக்கும் செவிலியர். ஸ்கேன் எடுத்த நேரத்தைச் சொல்லக்கூடியவர் கதிரியக்கப் பிரிவு நுட்பர். பழைய கோப்பைத் தேடித் தருபவர் பதிவேட்டுப் பிரிவு ஊழியர். இவர்களைத் திட்டமிடும் கூட்டத்திற்கே அழைத்து, படிவம் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் எடுக்கும், எது நடக்காது என்று கேட்க வேண்டும். கட்டுரையில் யாருடைய பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதையும் இப்போதே எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்வது நல்லது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாசிரியருக்கு நான்கு தகுதிகளை வகுத்திருக்கிறது: ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்களிப்பு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல். பதவியால் மட்டும் பெயர் சேர்ப்பதற்கு இதில் இடமில்லை.

ஆறாம் படி: நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும்

இந்தப் படியை வெறும் காகித வேலையாகக் கருதுவோர் இதன் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு நோயின் உண்மையைச் சொல்லாமலும், பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நடத்தியது ஓர் அரசு சுகாதாரத் துறை. மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்காக 1947இல் நியூரம்பெர்க் நெறிகளும், 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் வந்திருந்தும் அது 1972 வரை நிற்கவில்லை. ஹெல்சிங்கி பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டு, அண்மையில் 2024இலும் திருத்தப்பட்டது. ஆய்வின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பங்கேற்பவரின் நலனும் உரிமையும் அதற்கு மேல் என்பதே அதன் அடிப்படை.

அனுமதி பெறும் முன் ஒரு நோயாளியின் தகவலைக்கூட ஆய்வுக்காகச் சேகரிக்கக் கூடாது. முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி வாங்க வழியில்லை. நல்ல இதழ்கள் அத்தகைய கட்டுரைகளை ஏற்பதில்லை. மருத்துவமனையில் நெறிமுறைக் குழு இல்லையென்றால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி அல்லது தகுதிபெற்ற வேறு நிறுவனத்தின் குழுவை அணுகலாம். நாட்டின் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பதிவேடுகளை மட்டும் பயன்படுத்தும் ஆய்வுக்குத் தனித்தனி ஒப்புதல் தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்படலாம். ஆனால் அந்த விலக்கை அளிப்பது குழுதான். ஆய்வாளர் தாமாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒப்புதலில் வட்டார மருத்துவமனைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிகிச்சை அளிக்கும் மருத்துவரே ஆய்வுக்கும் அழைக்கும்போது, மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்று நோயாளி அஞ்சக்கூடும். ஆய்வையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணிவிடவும் கூடும். முடிந்தவரை, சிகிச்சையில் நேரடிப் பங்கில்லாத ஒருவர் ஒப்புதல் கேட்பது நேர்மையானது. விளக்கத்தாள் நோயாளியின் தாய்மொழியில், அவர் வீட்டில் பேசும் சொற்களில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை பெறலாம். பிறகு, "நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டால், எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்குப் பதிலாகச் சட்டப்படி உரிமையுள்ள உறவினரிடம் ஒப்புதல் பெற்று, நோயாளி தேறிய பின் அவரிடமே மீண்டும் கேட்க வேண்டும்.

சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவகம் ஒன்றில் பதிவு செய்திருக்க வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதை நிபந்தனையாக்கியிருக்கின்றன.

ஏழாம் படி: தரவு சேகரிப்பு

ஆய்வின் தரம் தீர்மானிக்கப்படுவது இங்கேதான். இங்கே நேரும் பிழையை எந்தப் புள்ளியியலாலும் பிற்பாடு திருத்த முடியாது. அதனால் மற்ற படிகளைவிட இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு தகவலுக்கும் வரையறை எழுத வேண்டும். "அறிகுறி தொடங்கிய நேரம்" என்பது எளிய சொற்றொடராகத் தோன்றும். ஆனால் இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கை அசையாமல் எழுகிறார் என்றால் எதை எழுதுவது? ஆறு மணி என்று ஒரு செவிலியரும், பத்து மணி என்று இன்னொருவரும், "தெரியவில்லை" என்று மூன்றாமவரும் எழுதுவார்கள். இத்தகைய நோயாளிக்குக் கடைசியாக நலமாக இருந்ததாகத் தெரிந்த நேரத்தை, அதாவது இரவு பத்து மணியை எடுத்துக்கொள்வதே பக்கவாத மருத்துவத்தின் வழக்கம். இதைப் படிவத்திலேயே, அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். வந்து சேர்ந்த நேரம் என்பது வாசலில் பதிவான நேரமா, மருத்துவர் பார்த்த நேரமா என்பதற்கும் இதேபோல் முடிவு வேண்டும்.

படிவம் ஒரே தாளின் இரு பக்கத்திற்குள் அடங்குவது நல்லது. எதற்கும் இருக்கட்டும் என்று சேர்க்கும் ஒவ்வொரு கேள்வியும், உண்மையில் தேவைப்படும் கேள்விக்கான கவனத்தைக் குறைக்கிறது. பகுப்பாய்வுத் திட்டத்தில் இடம்பெறாத எதையும் படிவத்திலிருந்து நீக்கிவிடலாம். விடைகளைக் கட்டங்களாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் "தெரியவில்லை" என்ற கட்டத்தையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், வெற்றிடம் "இல்லை" என்பதைக் குறிக்கிறதா, கேட்க மறந்ததைக் குறிக்கிறதா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முழு ஆய்வுக்கு முன் பத்து நோயாளிகளிடம் முன்னோட்டம் பார்க்க வேண்டும். ஒரே நோயாளிக்கு இருவர் தனித்தனியே படிவம் நிரப்பி ஒப்பிட்டால், எந்த வரையறை தெளிவில்லை என்பது உடனே தெரியும். இரத்த அழுத்த எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிகின்றனவா, நேரங்கள் எல்லாம் முழு மணியிலும் அரை மணியிலும் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் அளந்து எழுதாமல் உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று பொருள். அதற்குப் பணிச்சுமையே பெரும்பாலும் காரணமாதலால், கண்டிப்பதைவிடப் படிவத்தைச் சுருக்குவதே பலன் தரும்.

தகுதியுள்ள ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் சேர்ப்பதுதான் கவனிப்பு ஆய்வின் உயிர். பகலில் மட்டும் சேர்த்தால், இரவில் வாகனம் கிடைக்காமல் தாமதமாக வருவோர் விடுபட்டு, நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். இதற்காக ஒரு பரிசீலனைப் பதிவேடு வைத்து, வந்த பக்கவாத நோயாளிகள் அனைவரையும் அதில் குறித்து, சேர்க்கப்படாதவர்களுக்குக் காரணம் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை அதை அவசர சிகிச்சைப் பிரிவின் நுழைவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், எந்தப் பணி நேரத்தில் நோயாளிகள் விடுபடுகிறார்கள் என்பது ஆய்வு தொடங்கிய முதல் மாதத்திலேயே வெளிப்படும். ஆண்டு முடிவில் தெரிந்து பயனில்லை.

கணினியில் ஏற்றுவதற்கு ரெட்கேப், எபி இன்ஃபோ போன்றவை எக்செல் தாளைவிடப் பாதுகாப்பானவை. 250 வயது என்று தட்டச்சு செய்தால் அவை ஏற்காதபடி அமைக்க முடியும். எக்செல் சில உள்ளீடுகளைத் தானாகவே தேதியாக மாற்றிவிடும் வழக்கம் கொண்டது. இந்தக் காரணத்திற்காக மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே 2020இல் மாற்ற வேண்டியதாயிற்று. எக்செலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஒரு வரிசையில் ஒரு நோயாளி, ஒரு நிரலில் ஒரு தகவல் என்ற ஒழுங்கைக் காத்து, ஒவ்வொரு நிரலின் பொருளையும் குறியீடுகளையும் விளக்கும் தரவு அகராதியைத் தனித்தாளில் எழுதிவைக்க வேண்டும். விடுபட்ட வயதுக்கு 999 என்று குறியிட்டுவிட்டு மறந்தால், சராசரி வயது நூறைத் தாண்டிக்கூட நிற்கலாம்.

பெயர், முகவரி, தொலைபேசி எண், மருத்துவமனைப் பதிவெண் ஆகியவை பகுப்பாய்வுக் கோப்பில் இருக்கவே கூடாது. ஒவ்வொருவருக்கும் ஆய்வு எண் ஒன்று கொடுத்து, அந்த எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய ஊர்களில் பெயரை நீக்குவது மட்டும் போதாது. வயது, தொழில், அரிய நோய் மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கேன் படங்களைப் பெயரோடு பகிர்வதை ஆய்வுக் குழு முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

எட்டாம் படி: பகுப்பாய்வு

முதலில் தரவைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் மிகக் குறைந்த எண், மிக அதிக எண், விடுபட்டவை எத்தனை என்று பட்டியலிட்டு, ஐயத்திற்குரியவற்றை மூலப் படிவத்தோடு ஒப்பிட வேண்டும். திருத்தங்களை எல்லாம் எழுதிவைத்துவிட்டுக் கோப்பைப் பூட்டிய பிறகே கணக்குத் தொடங்க வேண்டும்.

வருகை நேரம் போன்ற தகவல்களுக்குச் சராசரி பொருந்தாது. ஐந்து பேர் 1, 2, 3, 4, 50 மணி நேரத்தில் வந்தார்கள் என்றால் சராசரி 12 மணி; ஆனால் ஐவரில் ஒருவரும் 12 மணியை ஒட்டி வரவில்லை. இடைநிலை எண்ணான 3 மணியே உண்மைக்கு நெருக்கமானது. விழுக்காட்டைச் சொல்லும்போது நம்பக எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 246 பேரில் 50 பேர் நேரத்திற்குள் வந்தார்கள் என்றால் அது 20 விழுக்காடு; உண்மை அளவு ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம்.

தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. வேறு மருத்துவமனைக்கு முதலில் சென்றவர்கள் தாமதமாக வந்தார்கள் என்று தெரிந்தாலும், அவர்கள் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். அப்போது தாமதத்திற்குத் தொலைவே காரணமாக இருக்கக்கூடும். தொலைவைக் கணக்கில் கொண்டு ஒப்பிட வேண்டுமானால், அதைப் படிவத்தில் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

நோயாளிகளைச் சிறு பிரிவுகளாக வெட்டி வெட்டிப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. உண்மையில் வேறுபாடே இல்லாத இருபது ஒப்பீடுகளைத் தனித்தனியே செய்தால், அவற்றில் ஒன்றாவது, வேறுபாடு இருப்பதுபோல், 5 விழுக்காட்டு அளவுகோலில் தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற மாரடைப்புச் சோதனையில் 17,187 நோயாளிகள் இருந்தார்கள். ஆஸ்பிரின் இறப்பைத் தெளிவாகக் குறைத்தது. பிரிவுவாரியாகக் கணக்கிடுவதன் அபாயத்தைக் காட்ட, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த இராசிப்படி பிரித்தும் பார்த்தார்கள்: மிதுனம், துலாம் இராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை என்று வந்தது! அவ்வளவு பெரிய ஆய்விலேயே இப்படி நேருமென்றால், 246 பேர் கொண்ட ஆய்வில் பெண்கள், முதியோர், நீரிழிவுள்ளோர் என்று தனித்தனியே வெட்டியெடுத்த முடிவுகளை எவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

ஒன்பதாம் படி: எழுதுதலும் வெளியிடுதலும்

கவனிப்பு ஆய்வுகளை எழுத 22 இனங்கள் கொண்ட ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலும், குலுக்கல் முறைச் சோதனைகளுக்குக் கன்சார்ட் பட்டியலும் இருக்கின்றன. இரண்டும் ஈக்குவேட்டர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள், ஏன், இறுதியில் எத்தனை பேர் கணக்கில் உள்ளார்கள் என்ற ஓட்டப்படத்தை முதலில் வரைந்தால், கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். பரிசீலனைப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். முறைகள், முடிவுகள், விவாதம், முன்னுரை என்ற வரிசையில் எழுதுவது முன்னுரையிலிருந்து தொடங்குவதைவிட எளிது. ஒரே மருத்துவமனை, சிறு எண்ணிக்கை, உறவினர் சொன்ன நேரத்தை நம்பியது என்ற வரம்புகளை மறைக்காமல் எழுத வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் ஆய்வு மதிப்பீடின்றி வெளியிடும் போலி இதழ்கள், முதன்முறை எழுதுவோரைக் குறிவைத்துப் புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்புகின்றன. சில நாட்களில் ஏற்பு உறுதி என்று வாக்களிக்கும் இதழைத் தவிர்ப்பது நல்லது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்தநிலை இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே. (DOAJ), திங்க்-செக்-சப்மிட் என்ற சரிபார்ப்புத் தளம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதற்காக ஆய்வை அலமாரியில் வைத்துவிடுவது, பங்கேற்ற நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி; அவர்கள் நேரம் கொடுத்தது விடைக்காக, நமக்குப் பிடித்த விடைக்காக அன்று.

பத்தாம் படி: முடிவை மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்தல்

கட்டுரை அச்சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பகுப்பாய்வு முடிந்ததும், படிவம் நிரப்பிய செவிலியர்கள் உட்பட அனைவரையும் அழைத்து முடிவுகளைச் சொல்ல வேண்டும். நிர்வாகத்திற்கு ஒரே பக்கத்தில், இரண்டு மூன்று எண்களோடு, என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். நேரம் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் என்று தெரிந்தால், அங்குள்ள மருத்துவர்களோடு ஒரு கூட்டம், பக்கவாத அறிகுறி கண்டதும் அழைக்க ஒரு நேரடித் தொலைபேசி எண், ஆம்புலன்ஸ் புறப்படும்போதே ஸ்கேன் அறைக்குத் தகவல் என்ற மூன்று ஏற்பாடுகளைக் கோரலாம். மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இருந்தால், வெளிநோயாளிப் பிரிவில் அவர்களுக்குப் புரியும் சொற்களில் ஒட்டலாம்.

படிவங்களும் தரவுக் கோப்பும் நெறிமுறைக் குழு வகுத்த காலம்வரை பாதுகாக்கப்பட வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது இடமாற்றலாகிச் செல்லும் மருத்துவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. மாற்றங்கள் நடைமுறைக்கு வந்து ஆறு மாதம் ஆன பிறகு, தேவையான அனுமதியைப் பெற்று, அதே படிவத்தோடும் அதே வரையறைகளோடும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை அளப்பதற்குப் புதிய திட்டமோ புதிய பயிற்சியோ பெரிதாகத் தேவைப்படாது. நேரத்திற்குள் வருவோரின் விழுக்காடு உயர்ந்திருக்கிறதா என்பதை முதல் ஆய்வின் எண்ணோடு வைத்துப் பார்த்து, அடுத்து எந்த ஏற்பாட்டைத் திருத்துவது என்று அந்தக் குழுவே முடிவு செய்யலாம்.